தூக்கிய கை

நெடுங்குறிச்சி உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் கபடி அணி மாவட்ட இறுதிப் போட்டியில் மூன்று முறை தோற்றிருக்கிறது. மூன்று முறையும் அதைத் தோற்கடித்தது அந்த அணியேதான்.

காரணம் ஒரு வழக்கம். பாடி வருகிறவள் தொட்டது நடுவர் கண்ணில் படாமல் போனாலும், தொடப்பட்டவள் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும். அணி தொடங்கிய காலத்திலிருந்தே இப்படித்தான். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பள்ளிக்கு ‘கைதூக்கிப் பள்ளிக்கூடம்’ என்றே பெயர். வழக்கத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஒரு தலைவி, பக்கத்தில் நின்ற சின்னப் பெண் தொடப்பட்டதாகத் தானே நினைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அந்தப் பெண்ணின் மீது யாரும் பட்டிருக்கவில்லை. அவள் அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து, அவரவர் கையை அவரவர்தான் தூக்க வேண்டும் என்று ஆயிற்று.

மூன்றாவது இறுதிப் போட்டியில் கையைத் தூக்கியவள் ஒன்பதாம் வகுப்பு ஜெபராணி. கோப்பை போனது. கோப்பை போனதைவிட அதற்குப் பின் வந்த பேச்சுதான் அவளைத் தின்றது. பஸ் நிறுத்தத்தில் பையன்கள், “ஜெபராணி, கையத் தூக்கு, வண்டி நிக்கட்டும்” என்பார்கள். கடைக்காரரும் சிரிப்பார். அவள் விளையாட்டை விட்டுவிட்டாள்.

அடுத்த ஆண்டுத் தலைவி பேச்சித்தாய். ஜெபராணியைவிடச் சில மாதமே மூத்தவள்; ஆனாலும் அணியில் தலைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். மூலையில் நின்று பிடிக்க ஜெபராணியைப் போல் வேறு ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாள். ஜெபராணி நெடுநேரம் மறுத்தாள். இன்னொரு தடவை தன் கையால் தோற்றால் அதோடு சரி, பிறகு யார் வந்து நின்றாலும் வரமாட்டேன் என்றாள்.

“அந்தக் கைய இந்தத் தடவ தூக்க விடமாட்டேன். நான் பொறுப்பு” என்று பேச்சித்தாய் வாக்குக் கொடுத்தாள்.

அந்த ஆண்டு அவர்கள் பயிற்சி எடுத்த விதத்தைப் பார்த்து விளையாட்டு ஆசிரியையே சற்றுப் பயந்துபோனார். விடிவதற்கு முன் ஓட்டம், பள்ளி விட்டபின் ஆட்டம். கையைத் தூக்கினாலும் தோற்காத அளவுக்குப் புள்ளி எடுத்துவிட வேண்டும் என்பது தலைவியின் கணக்கு. மண்டலப் போட்டிகளில் அந்தக் கணக்கு பலித்தது. மாவட்ட இறுதியில் பலிக்கவில்லை. எதிரணி மேலக்காட்டூர். இரண்டு அணிகளும் சமநிலையில் நிற்க, கடைசியாகப் பாடி வந்தவள் அவர்களுடைய வனஜா.

நெடுங்குறிச்சிப் பெண்கள் கைகோத்து நின்றார்கள். மூலையில் ஜெபராணி. அவளுடைய கையைப் பிடித்தபடி பேச்சித்தாய். அந்தப் பள்ளியில் அணிச் சட்டைகள் முந்தைய ஆண்டு ஆடியவர்களிடமிருந்து கைமாறி வருபவை. ஜெபராணிக்கு வாய்த்தது அவளைப்போல் ஒன்றரைப் பங்கு இருந்த ஒருத்தியின் சட்டை. எப்படிச் செருகினாலும் வெளியே வந்து தொங்கும். கபடியில் உடுப்பைத் தொட்டாலும் ஆளைத் தொட்டதுதான்.

வனஜா மூலைக்குப் பாய்ந்தாள். ஜெபராணி பின்னால் துள்ளினாள். வனஜாவின் விரல் நுனி தொங்கிய சட்டையின் ஓரத்தில் பட்டு விலகியது. திரும்பிக்கொண்டிருந்த வனஜாவுக்கு அது உறைக்கவில்லை. ஜெபராணிக்கும் தெரியவில்லை. நடுவர் மறுபக்கம் இருந்தார். பார்த்தவள் பேச்சித்தாய் ஒருத்திதான்.

வனஜா வெறுங்கையோடு நடுக்கோட்டைக் கடந்தாள். விசில் ஒலித்தது. புள்ளி இல்லை, இனிக் கூடுதல் நேரம். மேலக்காட்டூர்க்காரிகள் மூச்சு வாங்க மண்டியிட்டிருந்தார்கள். நெடுங்குறிச்சி நிமிர்ந்து நின்றது. கூடுதல் நேரம் யாருக்குச் சாதகம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஜெபராணி கையைத் தூக்கவில்லை. தன்மேல் எதுவும் படவில்லை என்று அவள் மனதார நம்பினாள்.

பேச்சித்தாய் தன் கையைத் தூக்கினாள். “என்மேல பட்டுச்சு சார்.”

அந்தக் கையை நடுவர் ஏற்றுக்கொண்டால் புள்ளி எதிரணிக்கு, கோப்பையும் அவர்களுக்கே. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும்போது வனஜா குறுக்கே வந்தாள்.

“இவ பக்கம் நான் கையே நீட்டல சார். சும்மா சொல்லுதா. எனக்கு இந்தப் பாயிண்ட் வேண்டாம்.”

நடுவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே தொடப்பட்டும் ஜெபராணி கையைத் தூக்கவில்லை. தொடப்படாத பேச்சித்தாய், கொடுக்க வேண்டிய புள்ளியைக் கொடுத்துவிடவும் வாக்கைக் காப்பாற்றவும் ஒரு பொய்யைச் சொன்னாள். தனக்கு உரிய புள்ளியையே வனஜா வேண்டாம் என்றாள். வாசகர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வனஜா. தனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்குச் சொன்னாள்; அதில் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் சொன்னாள். ஜெபராணியிடம் குற்றமில்லை; தெரியாததற்கு யாரும் கை தூக்க முடியாது. பேச்சித்தாயின் நோக்கம் நல்லது, செயல் தவறு. அடுத்தவள் கையைப் பிடித்துத் தூக்குவதும், அடுத்தவளுக்காகத் தன் கையைத் தூக்குவதும் ஒன்றுதான். இரண்டிலும் முடிவு செய்ய வேண்டியவளை யாரும் கேட்பதில்லை. பார்த்ததை அவள் ஜெபராணியின் காதில் சொல்லியிருந்தால் போதும். நடந்ததும் கடைசியில் அதுவே. வனஜா பேசியதைக் கேட்ட ஜெபராணி, “அப்ப யாரு மேல பட்டுச்சு அக்கா?” என்று கேட்டாள். இரண்டாவது பொய்க்குப் பேச்சித்தாய்க்கு நா எழவில்லை. “உன் சட்டையில” என்றாள். ஜெபராணி கையைத் தூக்கிவிட்டுக் கோட்டுக்கு வெளியே நடந்தாள். கோப்பை மேலக்காட்டூருக்குப் போனது. ஊர் திரும்பும் பஸ்ஸில் பேச்சித்தாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் இருக்கையிலிருந்து ஜெபராணி அவள் தோளைத் தட்டி, நாளைக்குக் காலையில் பயிற்சி உண்டா என்று கேட்டாள்.