வீரபத்திரன் பின்வாங்கிய நாள்

ஆம்பல் மடுவுக்குக் காவல் நின்ற காட்டுப்பன்றியின் பெயர் வீரபத்திரன். பெயருக்கேற்ற ஆள்தான். ஆனால் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், தலையைக் குனிந்துகொண்டு நேரே பாய்வான். எதிரே இருப்பது புதரா, பாறையா, பள்ளமா என்றெல்லாம் பார்க்கிற வழக்கமே கிடையாது.

அந்தக் கோடையில் மற்ற சுனைகள் எல்லாம் வற்றிவிட்டன. தண்ணீர் என்றால் ஆம்பல் மடு ஒன்றுதான். மான், முயல், மயில் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். இது சிறுத்தைக்குத் தெரியாதா என்ன! அதனால்தான் காட்டெருமைத் தலைவர் ஒரு காவல் படை வைத்திருந்தார். காவலுக்கு நிற்பவர் கழுத்தில் குன்றிமணிக் கொடி தொங்கும். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தாய்மார்கள் குட்டிகளைத் தண்ணீரில் வாய் வைக்க விடுவார்கள்.

ஒரு நாள் சிவப்பி என்ற மான் தன் குட்டியோடு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வீரபத்திரன் மிடுக்காக நின்றான். எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு நரி தலையை நீட்டியது.

"அடடா! சேத்துல புரள்ற மூஞ்சிக்குக் குன்றிமணி மாலை ஒரு கேடா!"

அவ்வளவுதான்! "எவன்டா அவன்!" என்று உறுமிக்கொண்டு பாய்ந்தான் வீரபத்திரன். நரி ஓடியது, இவன் துரத்தினான். புதரெல்லாம் முறிந்தது. கடைசியில் நரி ஒரு பொந்துக்குள் புகுந்து, வாலை மட்டும் வெளியே ஆட்டிக் காட்டியது. அப்போதுதான் மடுப் பக்கமிருந்து அலறல் கேட்டது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், சிறுத்தை வந்து போயிருந்தது. குட்டி பிழைத்ததே பெரிய காரியம். அதன் பின்னங்காலை நகம் ஆழமாகக் கிழித்திருந்தது. நரியும் சிறுத்தையும் கூட்டுக் களவாணிகள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நரி வம்புக்கு இழுக்கும். காவல்காரன் பின்னாலேயே ஓடுவான். காலியான கரைக்குச் சிறுத்தை வரும்.

சிவப்பி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். 

"உங்க பின்னால நின்னதுக்கு ஒரு மரத்துக்குப் பின்னால நின்னிருக்கலாம், அண்ணே! மரமாவது இடத்தை விட்டு ஓடாது!"

அதற்குப் பிறகு அவள் மடுப் பக்கமே வரவில்லை. புல்லில் படிந்த பனியை நக்கச் சொல்லிக் குட்டியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று மயில்கள் சொல்லின. அதைக் கேட்டு வீரபத்திரனுக்குக் கிழங்கு இறங்கவில்லை. தண்ணீர் இங்கே இருக்க, தன்னால் ஒரு குட்டி தாகத்தில் கிடக்கிறதே என்று நெஞ்சு வலித்தது.

காட்டெருமைத் தலைவர் அவனைக் கூப்பிட்டார். "உன் பலத்துல எனக்குச் சந்தேகமே இல்லை, வீரபத்திரா. புத்திதான் பாதி வழியில உன்னை விட்டுட்டு ஓடிடுது. நாளையிலேர்ந்து பயிற்சி. அதிலயும் தேறலைன்னா, குன்றிமணியைக் கழற்றி வெச்சிட்டுப் போய்க் கிழங்கு தோண்டு!"

பயிற்சி கொடுக்க வந்தவள் கரட்டுக் காட்டு முள்ளம்பன்றி, சடைச்சி. அவளைப் பார்த்ததும் வீரபத்திரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏம்மா! முள்ளை விரிச்சுக்கிட்டுப் பின்னாடியே போய்ச் சண்டை போடுற ஆளாச்சே நீ! நீ எனக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போறே?"

"பின்னாடி போறதைத்தான் அண்ணே!" என்றாள் சடைச்சி. "எங்க, எதிரியைப் பார்த்தபடியே பின்னாடி நடந்து காட்டுங்க!"

இதென்ன பெரிய வித்தை என்று காலை எடுத்து வைத்தான். பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தான்! மரத்திலிருந்த அணில்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

சடைச்சி அந்த அணில்களையும் சும்மா விடவில்லை. தினமும் வந்து அவனைத் திட்டும் வேலையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டாள். அணில்களுக்குக் கேட்கவா வேண்டும்!

"சப்பை மூக்கா!"

வீரபத்திரன் பாய்ந்து மரத்தை முட்டுவான்.

"போச்சு!" என்பாள் சடைச்சி. "நீங்க இங்க வந்துட்டீங்க. அங்க குட்டி போச்சு!"

"உருளைக்கட்டை!"

மறுபடியும் பாய்ச்சல். மறுபடியும், "குட்டி போச்சு!"

அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சிவப்பியின் முகம் ஞாபகம் வரும். ஒரு நாள் தாங்க முடியாமல் கத்தியே விட்டான். "பின்னாடி போனா பயந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா? எங்க வம்சத்துல எவனும் பின்வாங்கினது கிடையாது!"

"சொல்லட்டுமே! உங்க வேலை நரியைப் பிடிக்கிறதா, மானைக் காக்கிறதா? அதை முதல்ல சொல்லுங்க!"

வீரபத்திரன் மெல்ல ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தான்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். யாரும் இல்லாத நேரம் பார்த்து மடுவைச் சுற்றிப் பின்னாலேயே நடந்தான். விழுந்தான், எழுந்தான். "நண்டுகூட பக்கவாட்டுலதான் போகுது, இது எந்த ஊரு நடை!" என்று தவளைகள் கிண்டல் செய்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

மடுவின் ஓரத்தில் இரண்டு பெரிய பாறைகள் உண்டு. நடுவில் ஒரு சந்து. சடைச்சி அதைக் காட்டினாள். "எதிரி நம்மைவிடப் பெரியவன்னா திறந்த வெளியில மோதக் கூடாது அண்ணே. இங்க இழுத்துட்டு வரணும். நான் பாறை ஓரம் பதுங்கியிருப்பேன். என் முள்ளு ஒரு தரம் சலசலத்தா, அசையாம நில்லுங்க. விடாம சலசலத்தா, சந்துக்குள்ள பின்னாடியே வாங்க. கண்ணு மட்டும் எதிரியை விட்டு நகரக் கூடாது!"

வெயில் நாளுக்கு நாள் ஏறியது. ஒரு மாலையில் சிவப்பி வந்தே விட்டாள். வேறு வழியில்லை, குட்டியின் நாக்கு வறண்டு தொங்கியது. வீரபத்திரனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையிலிருந்த மருத மரத்தை ஒட்டி நின்றுகொண்டு, குட்டியைத் தண்ணீருக்கு அனுப்பினாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் மேல் என்ன தப்பு?

எதிர்க்கரையில் அதே நரித் தலை!

"என்ன வீரா, மாலை இன்னும் கழுத்துலதான் இருக்கா? மானம்தான் சேத்துல போச்சே!"

வீரபத்திரனின் பிடரி மயிர் சிலிர்த்தது. முன்னங்கால் மண்ணைப் பறித்தது. பாறை ஓரத்திலிருந்து ஒரு தரம், சலசல!

அவன் நின்றான்.

"உங்கப்பன் வலையில மாட்டினப்போ ஓன்னு அழுதானாமே!"

அவன் கண் சிவந்தது. தாடை நடுங்கியது. நின்றான்!

"என்னடா, காது செவிடா?" என்றது நரி. அதன் குரலில் கொஞ்சம் கலக்கம் தெரிந்தது.

"நல்லாவே கேக்குது!" என்றான் வீரபத்திரன். "தொண்டை வத்துற வரைக்கும் கத்து. எனக்கு இங்க வேலை இருக்கு!"

நாணலுக்குள் பதுங்கியிருந்த சிறுத்தைக்குப் பொறுமை போய்விட்டது. நேரே வெளியே வந்து நின்று உறுமியது. மான்களும் முயல்களும் சிதறி ஓடின. சிவப்பி குட்டியைக் கூப்பிட்டுக் கதறினாள். குட்டியால் ஓட முடியவில்லை. புண்பட்ட காலோடு தண்ணீர் ஓரத்திலேயே உறைந்து நின்றது.

பாறை ஓரத்தில் முட்கள் விடாமல் சலசலத்தன. ஆனால் குட்டி நின்றதோ ஒதுக்குப்புறமாக! நேரே சந்துக்குப் பின்வாங்கினால் குட்டி தனியாக மாட்டும். முன்னே பாய்ந்தாலும் சிறுத்தை விலகி வந்து குட்டியைக் கவ்விவிடும். வீரபத்திரன் ஒரு கணம்தான் யோசித்தான். சடைச்சி சொல்லிக்கொடுக்காத ஒன்றை அப்போது செய்தான். கண்ணைச் சிறுத்தை மேலேயே வைத்துக்கொண்டு, சாய்வாகப் பின்னால் நடந்தான். அவன் பின்புறம் குட்டியின் மேல் பட்டது.

"பயப்படாதே கண்ணு! என் மேல சாஞ்சுக்கோ. நான் நகர நகர நீயும் நகரு!"

மெல்ல, அடி அடியாக, குட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே பாறைச் சந்துப் பக்கமாகப் போனான்.

நரி குதித்துக் குதித்துக் கூவியது. "ஐயோ, பாருங்கடா கூத்தை! வீரபத்திரன் பின்வாங்குறான்! பயந்தாங்கொள்ளி!"

சிறுத்தையும் அதை நம்பியது. இவன் கதை முடிந்தது என்று நினைத்து நெருங்கி வந்தது. வீரபத்திரனும் குட்டியும் சந்துக்குள் போய்விட்டார்கள். சிறுத்தை உடலைக் குறுக்கித் தாவியது.

அந்த நொடியில், பாறை ஓரத்திலிருந்து முட்களை விரித்துக்கொண்டு பின்புறமாகவே வந்து குறுக்கே நின்றாள் சடைச்சி! தாவிவிட்ட சிறுத்தையால் நடுவில் திரும்ப முடியுமா? முகத்திலும் பாதத்திலும் முட்கள் குத்தி நிற்க, காடே அதிர அலறியது. சந்திலிருந்து வெளியே தடுமாறி விழுந்தது.

"இப்ப போங்க அண்ணே!" என்று கத்தி விலகினாள் சடைச்சி.

அடேயப்பா! அது பாய்ச்சல்! இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் முழுவதையும் சேர்த்து ஒரே முட்டு! சிறுத்தை உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தது. எழுந்து, நொண்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. நழுவப் பார்த்த நரி, சத்தம் கேட்டு வந்த காட்டெருமைத் தலைவரின் காலில் போய் இடித்துக்கொண்டது.

"நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேங்க!"

"அப்படியா? வா, என் பக்கத்துலயே நின்னு பாரு!" என்றார் தலைவர்.

"சிறுத்தையை விடாதீங்க! துரத்துங்க!" என்று அணில்கள் கூச்சலிட்டன. வீரபத்திரன் ஓடவில்லை. திரும்பி வந்து, முன்பு நின்ற அதே இடத்தில், தண்ணீருக்கு முன்னால் நின்றான். கழுத்தில் குன்றிமணி ஆடியது.

மருத மரத்தடியிலிருந்து சிவப்பி வந்தாள். குட்டியை நக்கிக் கொடுத்தாள். பிறகு மரத்தடிக்குத் திரும்பாமல், வீரபத்திரனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இங்கேயே குடிச்சுக்கிறோம், அண்ணே," என்றாள்.

குட்டி வயிறு முட்டக் குடித்தது. தவளைகளே கைதட்டி ஆரவாரம் செய்தன! வீரபத்திரன் மட்டும் மூக்கை விடைத்துக்கொண்டு, கண்ணில் வந்த நீரை யாரும் பார்க்காதபடி எதிர்க்கரையையே பார்த்து நின்றான்.

ஆகவே பிள்ளைகளே, காவல் நிற்பவனின் வீரம் எதிரியைத் துரத்துவதில் இல்லை, தன்னை நம்பியவர்களைக் காப்பாற்ற நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதிலும் பின்வாங்க வேண்டிய நேரத்தில் பின்வாங்குவதிலும்தான் இருக்கிறது.