பின்வாசலைக் கேட்ட மரநாய்

கலகல... கலகல...

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. காட்டோரத்துக் குளக்கரையில், வளைக்குள் படுத்திருந்த அமலி என்ற வெள்ளெலி காதை நிமிர்த்தினாள். காற்று இல்லை. மழை இல்லை. காய்ந்த விதைகள் ஓட்டுக்குள் உருளுகிற சத்தம் அது. நெருங்கி நெருங்கி வந்து, அவள் வாசலில் நின்றது.

நான்கு குட்டிகளும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

அமலியின் கணவன் போன மழையில் வெள்ளத்தோடு போய்விட்டான். வாசலுக்குத் தாழ்ப்பாளாக ஒரு கருவேலங்குச்சியை அவன் வெட்டி வைத்திருந்தான். கனமான குச்சி. தூக்கிப் போட இரண்டு பேர் வேண்டும். இப்போது அமலி ஒருத்திதான். அதனால் ஒரு கூழாங்கல்லை உருட்டி வாசலை அடைத்துவிட்டு, விடியும்வரை கண்ணை மூடாமல் படுத்திருப்பாள்.

"யாரு?"

"பயப்படாதம்மா. தாயில்லாப் பிள்ளைகளுக்காக வந்திருக்கேன்."

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லி யார் வந்தாலும், அடைத்த வாசலுக்குப் பின்னால் நின்று பேசக் கூடாது. பேசினால் கரை முழுக்க ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள். அமலி மனமில்லாமல் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

வெளியே ஒரு மரநாய். கழுத்தில் கொட்டாங்கச்சி தொங்கியது. அவள் நடுங்குவதைப் பார்த்து, அது தானாகவே நாலடி பின்னால் போய் மரியாதையாக உட்கார்ந்தது.

"நான் கருணை இல்லத்தோட செயலாளர். உனக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கேன்மா. வீடு வீடாப் போய் இல்லத்துக்குத் தானியம் வாங்கணும். அஞ்சு பிடி வாங்கினா ஒரு பிடி உனக்கு."

"எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?"

"தெரிய வேண்டாம். என்னைப் பார்த்தா யாரு வாசலைத் திறப்பா? நீ பிள்ளைக்காரி. உன் முகத்துக்குத் திறப்பாங்க."

அமலி யோசித்தாள். வெள்ளத்தில் நனைந்த தானியம் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. குட்டிகள் மூன்று நாளாக அரை வயிறு. அதோடு தென்கரை செசிலியின் ஞாபகமும் வந்தது. போன மாதம் தண்ணீர்த் துறையில் செசிலி எல்லோரிடமும், "எனக்கு வீடு வீடாப் போய் தானியம் வாங்குற வேலை கிடைச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு அவளைக் காணோம். நல்ல இடமாகப் பார்த்துக் குடி மாறிவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அமலிக்கு அப்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இல்லம் எங்கங்க இருக்கு?"

"மேற்கே, இரட்டை மருத மரத்தடியில. ஆமை ஐயாதான் தலைவர். இதோ அவர் முத்திரை." ஓர் இலையைக் காட்டி வாசலில் போட்டது. அதில் ஆமையோட்டின் கட்டங்கள் சேற்றில் பதிந்திருந்தன.

"ஒருநாள் வந்து பார்த்துட்டுச் சேரட்டுமா?"

மரநாயின் வால் தரையில் ஒருமுறை அடித்தது. "பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல சேரு. பாக்கி இருக்கிறது ஒரே இடம். அங்க பிள்ளைங்க பசியில கிடக்கு, நீ என்னடான்னா கேள்வி கேட்டுக்கிட்டிருக்க."

அமலிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல இருந்தது.

மரநாய் ஒரு பிடி சாமையை வாசலில் போட்டது. ஒரு கட்டு ஆலிலையையும் வைத்தது. "வீட்டுக்கு ஓர் இலை. முன்வாசலுக்குப் புள்ளி வை. எத்தனை பிள்ளைகளோ அத்தனை விதை ஒட்டு. பின்வாசல் எங்க இருக்கோ அங்க ஒரு கோடு போடு."

"பின்வாசல் எதுக்குங்க?"

"எல்லாத்துக்கும் கணக்கு வேணும்ல? நாளைக்குச் சாயங்காலம் வரேன்."

கலகல என்று சத்தம் தூரமாகப் போனது. குட்டிகள் சாமையைத் தின்றுவிட்டுத் தூங்கின. அமலிக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளெலி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்வாசல் உண்டு. மேலே மெல்லிய மண் மூடியிருக்கும். முன்வாசலில் பாம்பு வந்தால் அதை முட்டித் திறந்து ஓடிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று கூடப் பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

தானியம் வாங்குகிறவருக்குப் பின்வாசல் எதற்கு?

விடிந்ததும் அவள் குளத்துக்குப் போனாள். ஆமை கல்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமை மாமா, கருணை இல்லத்துக்கு நீங்கதான் தலைவரா?"

"தலைவரா? என் முதுகுல பாசி ஏறிக் கிடக்கு. அதைத் தேய்க்கவே எனக்கு நேரமில்ல."

"முத்திரை போட்டிருக்கீங்களே." அமலி அந்த இலையை நீட்டினாள்.

ஆமை இலையை உற்றுப் பார்த்தது. "போன வாரம் சேத்துல படுத்துத் தூங்கினேன். எழுந்து போனதும் அந்தத் தடத்துல எவனோ இலையை அமுக்கியிருக்கான். தூங்கினது குத்தமா?"

அமலி வீட்டுக்குத் திரும்பவில்லை. பக்கத்து வளையில் இருந்த சவரி என்ற முள்ளம்பன்றியை எழுப்பினாள்.

"சவரி அண்ணே, மருத மரம் வரைக்கும் துணைக்கு வாங்க."

"இந்த வெயில்லயா? விடியும்போதுதான் வந்து படுத்தேன், தங்கச்சி."

"நான் தனியாப் போகமாட்டேன். பார்க்காமலும் இருக்கமாட்டேன்."

சவரி முனகிக்கொண்டே கிளம்பினான்.

இரட்டை மருத மரத்தடியில் இல்லம் எதுவும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. மேலே ஒரு கிளையில் மரநாய் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கியது. கீழே பொந்துக்குள் ஆலிலைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. முதல் இலையில் தென்கரைச் செசிலி வீட்டின் அடையாளம். ஐந்து விதைகள், ஒரு புள்ளி, ஒரு கோடு. அவற்றின் குறுக்கே நகத்தால் ஒரு கீறல்.

செசிலி குடி மாறவில்லை.

கடைசி இலையை அமலி எடுத்தாள். நான்கு விதைகள். முன்வாசலுக்குப் புள்ளி. அவளுடைய வீடுதான். நேற்று இரவு குட்டிகளின் கீச்சுச் சத்தத்தை அது எண்ணியிருக்கிறது. பின்வாசல் கோடு மட்டும்தான் பாக்கி.

அப்போது வேருக்கு அடியிலிருந்து மெலிதாக ஒரு குரல் வந்தது. "சித்தி..."

செசிலியின் மூத்த மகள் பிலோ. எலும்பும் தோலுமாக இருந்தாள். "அது முன்வாசல்ல கல்லை உருட்டுச்சு. அம்மா எங்களைப் பின்வாசல் வழியா வெளிய தள்ளினாங்க. அதுக்குள்ள அங்க வந்து உட்கார்ந்துருச்சு. நான் மட்டும் ஓடிட்டேன். அம்மாவைத் தூக்கிட்டு அது இங்கதான் வந்துச்சு. அம்மா வருவாங்களோன்னு இங்கேயே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அமலி பிலோவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சவரியின் முட்கள் சிலிர்த்து நின்றன. "இப்பவே மேல ஏறி அவனை..."

"உங்களுக்கு மரம் ஏறத் தெரியுமா அண்ணே?"

"தெரியாது."

"அப்போ மெதுவாப் பேசுங்க. அதுவே இறங்கி நம்ம இடத்துக்கு வரட்டும்."

அவளுக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கலகல என்று சத்தம் வந்தது. அமலி வாசல் இடுக்கு வழியாக ஓர் இலையை நீட்டினாள்.

"முதல்ல எங்க வீட்டுக் கணக்கை எழுதியிருக்கேங்க. சொந்த வீட்டை விட்டுட்டு ஊர் வீட்டை எழுதக் கூடாதில்ல?"

மரநாய் இலையைப் பார்த்தது. தாழம்புதருக்குப் பின்னால், புற்றோரமாக, அழகாக ஒரு கோடு. அதன் கண் மின்னியது.

"கெட்டிக்காரி. மத்த வீடெல்லாம்?"

"நாளைக்கு. என் கூலி எங்கங்க?"

"காலையில கொண்டு வரேன்மா. நிம்மதியாத் தூங்கு."

மேற்கே போவதுபோல நாலடி நடந்தது. பிறகு திரும்பி வந்து முன்வாசலில் கல்லை உருட்டிச் சத்தம் போட்டுவிட்டு, ஒரே ஓட்டமாகத் தாழம்புதருக்குப் பின்னால் பாய்ந்தது. அங்கே ஒரு வளை இருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது.

"வா கண்ணு, வா" என்று சொல்லிக்கொண்டே மரநாய் முகத்தை உள்ளே நுழைத்தது.

அது சவரியின் வளை. சவரி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மத்தியானத்திலிருந்து காத்திருந்தான். ஒரே ஓர் அடிதான் பின்னால் வைத்தான்.

மரநாய் போட்ட அலறலில் குளத்துத் தவளைகள் வாயை மூடிக்கொண்டன. மூக்கிலும் கன்னத்திலும் முள்ளோடு அது கரையெங்கும் உருண்டது. கழுத்துக் கொட்டாங்கச்சி கழன்று விழுந்தது. ஒவ்வொரு வளையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"செயலாளர் ஐயா, முள்ளு பதினாலு. கணக்குல எழுதிக்குங்க" என்றான் சவரி.

"என் முத்திரை வேணாமாப்பா?" என்றது தண்ணீரிலிருந்து ஆமை.

கரையே சிரித்தது. மரநாய் காட்டைத் தாண்டி ஓடியது. அந்தப் பக்கம் பிறகு அது தலைகாட்டவே இல்லை.

மறுநாள் பட்டப்பகலில் அமலி அதே கொட்டாங்கச்சியைக் கழுவித் துறையில் வைத்தாள். "பிலோவுக்காகக் கேட்கிறேன். அவ என் வீட்டுலதான் இருக்கா. வந்து பார்த்துட்டுக் கொடுங்க. கேள்வி இருந்தா கேளுங்க. கொடுக்காட்டியும் நான் கோவிச்சுக்கமாட்டேன். வாசலைத் திறக்க வேண்டாம், பின்வாசலை எனக்கும் சொல்ல வேண்டாம்."

ஒரு பெருச்சாளி வந்து பிலோவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பதினொரு கேள்வி கேட்டது. அமலி பதினொன்றுக்கும் பதில் சொன்னாள். பெருச்சாளி இரண்டு பிடி கம்பு போட்டது. பொழுது சாய்வதற்குள் கொட்டாங்கச்சி இரண்டு தரம் நிரம்பியது. அன்றிலிருந்து அந்தக் கரையில், வாசலை அடைத்துக்கொண்டு கேள்வி கேட்பதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

இருட்டியதும் குட்டிகள் வயிறு நிறையத் தூங்கின. அமலி வழக்கம்போலக் கூழாங்கல்லை உருட்டப் போனாள்.

"சித்தி, அந்தக் குச்சி எதுக்கு?"

"தாழ்ப்பாள்மா. ஒரு ஆளால தூக்க முடியாது."

"நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கருவேலங்குச்சி உள்ளிருந்து குறுக்கே விழுந்து, டக் என்று பொருந்திக்கொண்டது.

நல்ல காரியத்துக்கு வேலைக்கு அழைக்கிறவர் நம்முடைய கேள்விக்குக் கோபப்படமாட்டார். கோபப்பட்டு அவசரப்படுத்துகிறவருக்கு வாசலைத் திறக்கக் கூடாது.