பலவேசத்தின் சௌகரியமான சைக்கிள்

மதிநல்லூரில் முட்டாள்கள் உண்டா என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், நன்றாக யோசித்துவிட்டு, வெளியூரிலிருந்து யாராவது வந்திருந்தால் உண்டு என்பார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள். அவர்களிடம் ஒன்றைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதனால் வருகிற வினைக்குச் சொன்னவர்தானே பொறுப்பு.

அந்த ஊரில் பலவேசம் என்று ஒருவர். முப்பது வருஷம் மாவு மில்லில் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் இரண்டு முழங்காலும் கெட்டுப்போயின. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் செல்வி, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே சென்னியப்பன் என்பவரைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று யாரோ சொல்லிவிட, போனிலேயே அழுதுவிட்டாள். ஐப்பசிக் கடைசியில் வருவேனென்றும், அப்பா தனியாக பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்புவதைக் கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவேனென்றும், இல்லாவிட்டால் கையோடு திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேனென்றும் கறாராகச் சொன்னாள்.

பலவேசம் ஒருதரம் திருப்பூர் போய் ஒன்பது நாள் இருந்து பார்த்தவர். மகளும் மருமகனும் காலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். பேச்சுத்துணைக்கு பிரிட்ஜ் ஒன்றுதான் இருந்தது, அதுவும் விட்டு விட்டுத்தான் பேசும். மறுபடியும் அங்கே போவதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

டவுனில் டாக்டரம்மாவைப் பார்த்தார். முட்டிக்கு சைக்கிள் ஓட்டுவது நல்லது என்று அந்த அம்மா சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி விரட்டி ஓட்டக்கூடாது, சும்மா காற்றாட ஓட்ட வேண்டும். குனிந்து ஓட்டுகிற வண்டி வேண்டாம், நிமிர்ந்து உட்காருகிற குரூசர் சைக்கிளாகப் பார்த்து வாங்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும். ஓட்டும்போது எது இடைஞ்சல் பண்ணினாலும் அதை எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் கூடப் போயிருந்த ஆறுமுகநயினார் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரி விடாமல் எழுதிக்கொண்டார். எழுதியான பிறகு மதிநல்லூரில் அது சட்டம்.

நயினார் ஊரில் படித்த ஆள். எதுவரைக்கும் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் பலவேசமும் போக, எப்போதும் கூட இருப்பவர்கள் தளவாயும் பிச்சக்கண்ணுவும். தளவாய்க்கு எதிலும் சந்தேகம். பிச்சக்கண்ணுவுக்கு எதிலும் சந்தேகம் கிடையாது.

நால்வரும் அசன் பாய் சைக்கிள் கடைக்குப் போனார்கள். பாய் நல்ல மனுஷர். குரூசர் சைக்கிள் நாலைந்தை வரிசையாக நிறுத்தி, அகலமான சீட்டு, தடித்த டயர், எருமைக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

உட்கார்ந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு சைக்கிளில் ஏறி, ஸ்டாண்டு போட்டபடியே, காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒன்றரை மணி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். நடுவில் டீ வரவழைத்துக் குடித்தார்கள். கடைக்கு வந்த மற்றவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சௌகரியம் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிகிற விஷயமில்லை என்று நயினார் சொல்லிவிட்டார். கடைசியில் பிச்சக்கண்ணு உட்கார்ந்திருந்த பச்சை சைக்கிளிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும், அந்தப் பச்சையையே எடுத்துவிட்டார்கள்.

பாய்க்கு மனது கேட்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு எடுங்களேன்."

"நாங்க சௌகரியம் பாக்க வந்திருக்கோம் பாய்," என்றார் நயினார். "ஓட்டம் பாக்க வரல."

பாய் புதுப் பெயிண்டு, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அது போதாதா? டவுனிலிருந்து மதிநல்லூர் பத்து கிலோமீட்டர். தளவாய் சைக்கிளுக்குக் குடை பிடிக்க, பிச்சக்கண்ணு தள்ள, மற்ற இருவரும் மேற்குப் பக்கம் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, நாலு பேரும் உச்சி வெயிலில் வெந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். சைக்கிள் மேல் ஒரு பொட்டு வெயில் படவில்லை. பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டோமே என்று பலவேசத்துக்குத் தோன்றவே இல்லை, சைக்கிளைக் கொண்டுவந்த சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் காலையில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. பலவேசம் குளித்து, திருநீறு பூசி, சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மெத்தென்று இருந்தது. நயினார் காலண்டர்த் தாளைப் பிரித்து, குனிந்து பார்த்து, இரண்டு காலும் தரையில் படுகிறது என்று ஊருக்கு அறிவித்தார். பிறகு ஓட்டச் சொன்னார். பலவேசம் ஓட்டினார். இரண்டு காலும் தரையில் பட்டபடியே, சைக்கிளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எட்டாக எடுத்து வைத்து ஓட்டினார். அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பெடல் சுற்றிச் சுற்றி அடித்ததில் இரண்டு கெண்டைக்காலும் வீங்கிப்போயின.

அன்று மில் வாசலில் கூடிப் பேசினார்கள்.

"இந்தப் பெடல் எதுக்குவே இருக்கு?" என்று தளவாய் கேட்டார். "ஊர்ல எல்லாப் பயலும் அதை மிதிச்சுல்லா போறான்."

"அவன் வேலைக்குப் போறான், மிதிக்கான்," என்றார் நயினார். "இது சும்மா ஓட்டுத சைக்கிளு. சும்மா ஓட்டுதவன் எதுக்குவே மிதிக்கணும்?"

"அப்ப கம்பெனிக்காரன் எதுக்கு மாட்டியிருக்கான்?"

"மறந்து மாட்டியிருப்பான்," என்றார் பிச்சக்கண்ணு.

பலவேசம் காலைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நயினார் தாளைப் பார்த்தார். இடைஞ்சல் பண்ணினால் எடுத்துவிட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. மில் ஸ்பானரைக் கொண்டுவந்து இரண்டு பெடலையும் கழற்றினார்கள். கால் பிழைத்தது.

இரண்டு நாள் கழித்து பல்சக்கரம் வேட்டியைக் கவ்விக்கொண்டு, நடுத்தெருவில் பலவேசத்தின் மானத்தோடு விளையாடியது. அதைக் கழற்றினார்கள். அதை எடுத்த பிறகு செயினுக்கு என்ன வேலை, அதுவும் போயிற்று. பின்சக்கரம் குதிகாலை இடித்தது. அதற்கும் தாளில் வழி இருந்தது. சக்கரம் போன பிறகு சைக்கிள் பின்பக்கம் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்ததில் தெருவில் கோடு விழுந்து, வாசல் கோலமெல்லாம் அழிந்து, ஊர்ப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அப்போதுதான் பெரிய விவாதம் வந்தது. இழுபடுகிற கம்பியை எடுத்தால் அதோடு சீட்டும் போகும். பலவேசத்துக்கு மனது ஆறவில்லை. சைக்கிளில் அவருக்குப் பிடித்ததே அந்த சீட்டுதான். நாலு பேர் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த சீட்டு, அதை எடுத்துவிட்டு என்ன சௌகரியம் என்று பாவமாகக் கேட்டார்.

"சீட்டு நல்ல சீட்டுதான்வே, யாரு இல்லங்கா," என்றார் நயினார். "ஆனா ஓட்டுதப்ப தொடையை உரசுதா இல்லியா?"

"உரசுது."

"அப்ப அதை வீட்டுல வச்சு உக்காந்துக்கிடும். ஓட்டுதப்ப எதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. சீட்டைக் கழற்றி முற்றத்தில் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துத் தந்தார்கள். அன்றிலிருந்து பலவேசம் ஓட்டி முடித்து வந்து அதில் உட்கார்ந்து இளைப்பாறினார்.

மிச்சம் இருந்தது ஹேண்டில்பாரும் அதோடு சேர்ந்த முன்சக்கரமும்தான். ரொம்ப இலகுவாக இருந்தது. ஆனால் அந்தச் சக்கரத்துக்குச் சுயபுத்தி ஜாஸ்தி. குளத்துக்கரை இறக்கத்தில் அது முந்திக்கொண்டு ஓட, பிடியை விடாத பலவேசமும் அதன் பின்னால் ஓடி, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். மறுநாள் அதையும் எடுத்தார்கள். ஹேண்டில்பாரும் மணியும் நின்றன.

தளவாய்க்குச் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு எடுத்தாயிற்று, இதை மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும், இதையும் எடுத்துவிட்டால் கைக்கும் சௌகரியமாக இருக்குமே என்று கேட்டார். கேள்வி எல்லாரையும் திடுக்கிட வைத்தது. நயினார் காலண்டர்த் தாளை எடுத்து முதலிலிருந்து ஒருதரம் படித்தார்.

"அதை எடுத்துட்டா அப்புறம் வெறும் நடையால்லாவே ஆயிரும்," என்றார் கடைசியில். "டாக்டரம்மா சைக்கிள்தானே ஓட்டச் சொல்லியிருக்கா."

இப்படி ஒரு விபரீதத்திலிருந்து நூலிழையில் தப்பித்தார்கள்.

அதன் பிறகு பலவேசம் காலையும் மாலையும் சைக்கிள் ஓட்டினார். ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, திருப்பத்தில் வளைத்து, ஆள் வந்தால் மணி அடித்து ஓட்டினார். மூன்று வாரத்தில் முட்டி வலி குறைந்தது. ஐந்தாவது வாரத்தில் சுவரைப் பிடிக்கிற பழக்கம் போயிற்று. எத்தனை வருஷம் நடந்தும் சரியாகாத முட்டியை ஒரு சைக்கிள் சரியாக்கிவிட்டதே என்று ஊரே அதிசயித்தது.

ஐப்பசிக் கடைசியில் செல்வியும் சென்னியப்பனும் வந்து இறங்கினார்கள். காபி குடித்து முடிப்பதற்குள் செல்வி விஷயத்துக்கு வந்துவிட்டாள். பலவேசத்துக்கு இத்தனை நாள் பழக்கமும் ஒரு பக்கம், மூன்றாவது மாடி ஒரு பக்கம். சுவரில் சாத்தியிருந்த ஹேண்டில்பாரை எடுத்துத் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"ஏனுங்க மாமா," என்றார் சென்னியப்பன், "சைக்கிள் எங்கீங்க?"

கையிலேயே வைத்திருக்கிற பொருளை எங்கே என்று கேட்பவரிடம் என்ன சொல்வது? படித்த பிள்ளை, கண் பார்வை இப்படி ஆகிவிட்டதே என்று பிச்சக்கண்ணு வருத்தப்பட்டார். சென்னியப்பன் முற்றத்தில் கிடந்த சக்கரங்களையும் செயினையும் பார்த்து, ஒரு மணி நேரம் கொடுத்தால் எல்லாவற்றையும் மாட்டித் தருவதாகத் தன் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அதெல்லாம் இடைஞ்சல்னுதானே எடுத்து வச்சிருக்காக," என்றாள் செல்வி. அவளும் மதிநல்லூரில் பிறந்தவள்தானே. "நீங்க பேசாம இருங்க, அப்பா ஓட்டட்டும்."

பலவேசம் மணி அடித்தார். கிளம்பினார். பஸ் ஸ்டாப் முக்கால் மைல். எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். செல்வி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று, இன்னும் கொஞ்சம் ஆயிற்று. பிறகு தெருக்கோடியில் மணிச்சத்தம் கேட்டது. எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கி, வாய்க்கால் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறி, பலவேசம் நிமிர்ந்தபடி வந்துகொண்டிருந்தார். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டினாரே என்பது மட்டும்தான் அவளுக்குக் குறை. அதற்கும் அவர் இனிமேல் விடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார்.

"நீங்க இங்கேயே இருங்கப்பா," என்றாள் செல்வி. பலவேசம் ஹேண்டில்பாரை மறுபடியும் துடைத்துச் சுவரில் சாத்தினார்.

மறுநாள் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிற நேரம். பஸ் ஸ்டாப் வரைக்கும் தானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பலவேசம் ஹேண்டில்பாரைப் பிடித்து நின்றார். செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டு, அவருக்குப் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கிளம்பினார்கள். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் தூக்கிப் போடுகிறது, பார்த்துப் போங்களப்பா என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சென்னியப்பன் இரண்டு பெட்டியையும் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்தார். பாதி வழியில் அவருக்குத் தோள் இற்றுப்போய்விட்டது. ஒரு பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, தடுமாறாமல் இருக்க, மனைவியின் தோளில் ஒரு கையை வைத்தார்.

பலவேசம் உடனே நின்றுவிட்டார். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ள, தப்பா நினைக்காதீங்க," என்றார் தணிவாக. "ஒரே சைக்கிள்ல மூணு பேரு போனா போலீஸ்காரன் பிடிச்சிருவான். நீங்க கொஞ்சம் இறங்கி நடந்து வாங்க."

சென்னியப்பன் பெட்டியைத் தலையில் வைத்தபடி மாமனாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், யாருமே இல்லாத ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இறங்கிக்கொண்டார்.