தடுப்பாட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால்

குரோவேஷியாவில், கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஃப்ரானே என்றொரு கால்பந்தாட்டக்காரன் இருந்தான். தடுப்பாட்டக்காரன். இருபது வயதில் ஊரைவிட்டுப் போனவன், ஜெர்மனி, இத்தாலி, துருக்கி என்று கிளப் கிளப்பாக ஆடி, முழங்கால் இனி தாங்காது என்று ஆன பிறகுதான் திரும்பி வந்தான். கோல் அடித்துப் பேர் வாங்கியவனில்லை. அவனைத் தாண்டிப் போக முடியாது என்பதுதான் அவன் வாங்கிய பேர். பந்தோடு வருகிறவனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். எந்தப் பக்கம் திரும்புவது என்று வருகிறவன் முடிவு செய்வதற்குள் ஃப்ரானே அங்கே நிற்பான்.

இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்ரெச்கோ, அந்த ஊர்ப் பயிற்சியாளர். ஃப்ரானேயின் ஒரே மகள் கிளாராவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவரும் அவரே.

கிளாரா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு வேலை வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஃப்ரானே நிறுத்திவிட்டான். மறுபடி வந்தது. தன் ரசிகரான ஒரு டாக்டரைப் பிடித்து, உள்ளூரிலேயே அவளுக்கு நிரந்தர வேலை வாங்கிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் முறை அயர்லாந்து வேலை வந்தபோது, அவள் உள்ளூர் வேலையை விட்டுவிட்டு வந்துதான் சொன்னாள். வியாழக்கிழமை புறப்படுகிறேன் என்றாள். நீங்களும் போனவர்தானே அப்பா என்று கேட்டாள். அது ஆட்டம், இது வேறு என்றான் ஃப்ரானே. அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். அவன் கையருகே இருந்த உப்பைக்கூட அவள் அம்மாவிடம் கேட்டு வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃப்ரானே ஸ்ரெச்கோவின் வீட்டுக்குப் போனான். கிழவர் வாசல் குழாயடியில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஃப்ரானே எல்லாவற்றையும் சொன்னான்.

“நீங்கள் சொன்னால் கேட்பாள், கோச்.”

“என்ன சொல்ல வேண்டும்?”

“போகாதே என்று.”

கிழவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தோல் உரிந்த பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மைதானத்துக்கு வா என்றார்.

மைதானம் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. ஃப்ரானே மகளையே நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் நடந்தான்.

“அங்கே நில். நான் பந்தோடு வருகிறேன். தடு.”

ஃப்ரானே தயங்கினான். கிழவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆனால் கோச் சொல்லி அவன் மறுத்துப் பழக்கமில்லை. அவர் பக்கம் திரும்பி, முழங்காலை மடித்து, கைகளை விரித்து நின்றான். உடம்பு தானாகவே அந்த நிலைக்கு வந்தது.

கிழவர் வந்தார். ஃப்ரானே நோகாமல் பந்தைத் தட்டிவிட்டான். எனக்கு இரக்கமா காட்டுகிறாய் என்று கேட்டுவிட்டு, அவர் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடி தட்டிவிட்டான். மறுபடி வந்தார். போகப்போக ஃப்ரானேவுக்குச் சூடு ஏறியது. ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து இப்படி ஒரு தெளிவு அவனுக்கு வாய்த்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று அவன் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அது போதுமாயிருந்தது.

கடைசியாக வந்தபோது கிழவர் இடப்பக்கம் சாய்ந்து, சட்டென்று வலப்பக்கம் பாய்ந்தார். ஃப்ரானே யோசிக்கவே இல்லை. தரையில் சறுக்கிக் காலை நீட்டினான். பந்து தெறித்து ஓடியது. கிழவர் குப்புற விழுந்தார்.

ஃப்ரானே பதறி எழுந்து போய் அவரைத் தூக்கி உட்காரவைத்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

“மன்னித்துவிடுங்கள், கோச். வேண்டுமென்று செய்யவில்லை.”

“தெரியும். நன்றாகத்தான் தடுத்தாய்.” கிழவர் மூச்சு வாங்கினார். “கோலைக் காப்பாற்றிவிட்டாயா, திரும்பிப் பார்.”

ஃப்ரானே திரும்பினான். அங்கே கோல் இல்லை. துருப்பிடித்த கம்பங்களைச் சீர்செய்யக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கப்பால் புல். புல்லுக்கப்பால் சாலை.

“கம்பமே இல்லையே.”

“இல்லை.”

“உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதானே ஓடி வந்தேன்.”

ஃப்ரானே கைக்குட்டையை எடுத்து அவர் கையில் கட்டினான். முடிச்சுப் போடச் சற்று நேரம் பிடித்தது.

“அப்படியானால் எங்கேதான் போய்க்கொண்டிருந்தீர்கள், கோச்?”

கிழவர் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இத்தனை தடவை என்னைத் தடுத்தாயே, ஃப்ரானே. ஒரு தடவையாவது அதைக் கேட்டாயா?”