தொங்கலாங்குறிச்சி டவர் காவல்

தொங்கலாங்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் "இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

அந்த ஊர்ப் பாறைமேட்டில் ஒரு செல்போன் டவர் வந்தது. காவலுக்கு நான்கு பேர். மாசானம், கொம்பையா, இசக்கி, பலவேசம். நால்வரில் மாசானம் மெதுவாகப் பேசுவார். அதனால் அவர்தான் அறிவாளி.

டவரை நிறுத்தி முடித்த இன்ஜினியர் ஜெபராணி, கிளம்பும் முன் நால்வரையும் கூப்பிட்டு விளக்கினாள்.

"அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடுங்க. நாம செல்லுல பேசுறது காத்துல அலையாப் போகும். மேல நீளநீளமா மூணு பக்கமும் பாத்து நிக்குதே, அந்த ஆன்டெனா அதைப் பிடிக்கும். பிடிச்சது வயர் வழியா இந்தப் பெட்டிக்கு வரும். யாரு பேசுதா, யாருக்கு அனுப்பணும்னு பெட்டி சரிபண்ணும். அந்தா முரசு மாதிரி வட்டமா இருக்குல்லா, அது அடுத்த மலையில இருக்க டவருக்குத் தள்ளிவிட்டுரும்."

"முரசை யாரு அடிப்பா?" என்றான் இசக்கி.

"யாரும் அடிக்க வேண்டாம். கரண்ட் போனா பேட்டரி ஓட்டும். பேட்டரி இறங்கிருச்சுன்னா உடனே ஜெனரேட்டரைப் போட்ருங்க. பெட்டி சூடாகாம பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான்."

நால்வரும் தலையாட்டினார்கள். அவள் ஜீப் ஏறிப் போனாள்.

அன்றைக்கே வேலை ஆரம்பமாகிவிட்டது. அறைக்குள் இரும்புத் தட்டில் பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இசக்கி ஒரு கம்போடு அவற்றின் எதிரே சம்மணம் போட்டான். "எவனாவது இறங்கினியோ, முட்டியைப் பேத்துருவேன்" என்று மிரட்டினான். பேட்டரிகள் அடங்கி ஒடுங்கி இருந்தன.

கொம்பையா பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "லேசா சுடுதுவே."

"காய்ச்சலா இருக்கும். நெத்தியில விபூதி பூசு" என்றான் இசக்கி.

"நெத்தி எதுன்னு தெரியலையே!"

மாசானம் பெட்டியைச் சுற்றி வந்து யோசித்தார். "எது நெத்தின்னு தெரியாட்டா என்ன? எல்லா இடத்துலயும் பூசு. நெத்தி தப்பிக்க முடியாதுல்லா." பூசினார்கள். பெட்டி பழநிக்குப் போய்வந்த மாதிரி ஆனது. அப்புறம் பனையோலை விசிறியால் முறை வைத்து விசிறினார்கள்.

இப்படி இருக்கையில் பலவேசத்தின் மகள் செல்லக்கனிக்கு வலி கண்டது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைப்பிரசவம். கூடவே போகத்தான் பலவேசத்துக்கு ஆசை. ஆனால் மருமகன் தவசி, "நீங்க டவரைப் பாருங்க மாமா, நான் போன் பண்ணுதேன்" என்று சொல்லிவிட்டான். அதனால் பலவேசம் காலையிலிருந்து டவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வடிந்தது. அது பிள்ளைப் பாசமா வெயிலா என்று அவருக்கே தெரியவில்லை.

காலையிலேயே ஊரில் கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் டவர் ஓடியது. உச்சிப்பொழுதுக்குப் போன் அடித்தது.

"மாமா, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் சொன்னாவ... ஹலோ? மாமா, கால் கட்டாகுது... கால் கட்டாகுது..."

அதோடு பேச்சு நின்றது.

"ஐயோ!" என்று பலவேசம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "பிரசவத்துக்குப் போன பிள்ளைக்கு எதுக்குவே காலை வெட்டுதான்?"

"அவசரப்படாதியும்" என்றார் மாசானம். "போன்ல சொன்னாம்னா அது போன் சங்கதி. டவருக்கும் கால் இருக்குல்லா?"

நால்வரும் ஓடிப்போய் எண்ணினார்கள். டவருக்கு நான்கு காலும் பத்திரமாக இருந்தன.

"இன்னும் வெட்டல. இனிமேத்தான் வருவான்" என்றார் மாசானம். ஆளுக்கு ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் கொளுத்தியது. ஒருவரும் விடவில்லை.

டீக்கடைப் பேராச்சி செல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மேட்டில் ஏறி வந்தாள். "என்னவே நடக்கு இங்க? ஊருக்குள்ள டவரே இல்லை!"

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஆச்சி, நாங்க கட்டிப் பிடிச்சிக்கிட்டுல்லா நிக்கோம். கண்ணு ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகப்போறிய?"

"கரண்ட் போயி எவ்வளவு நேரமாச்சு, ஜெனரேட்டரைப் போட்டியளா?"

"பேட்டரி இறங்கினாத்தான் போடணும். கம்புக்குப் பயந்து இன்னும் ஒண்ணுகூட இறங்கல" என்றான் இசக்கி பெருமையாக.

பேராச்சி தலையில் அடித்துக்கொண்டு, தானே போய் ஜெனரேட்டரை முடுக்கினாள். அது திடுதிடுவென்று உறுமியது. கொஞ்ச நேரத்தில் பலவேசத்தின் போன் அடித்தது.

"மாமா! பேத்தி பொறந்துருக்கா! ரெண்டு பேரும் சுகம்!"

"கால்?" என்றார் பலவேசம்.

"ரெண்டு காலையும் உதைச்சிக்கிட்டுக் கிடக்கா மாமா!"

பலவேசம் அழுதார், சிரித்தார், கொம்பையாவின் துண்டில் மூக்கைச் சிந்தினார். அப்போது போனுக்குள்ளிருந்து 'ங்கா... ங்கா...' என்று பிள்ளை வீரிட்டது.

"பிள்ளை அழுவுதே! என்ன செய்ய?" என்று பதறினார் பலவேசம்.

மாசானம் கண்ணை மூடி யோசித்தார். "பேச்சு காத்துல வந்து, முரசுல விழுந்து, வயர்ல இறங்கி, பெட்டிக்குள்ள போவுது. இன்ஜினியரம்மா சொன்னால்லா? அப்போ அழுகை இப்ப எங்கவே இருக்கு?"

"டவருக்குள்ள!" என்றார்கள் மூவரும்.

பிறகென்ன, ஆளுக்கொரு காலைப் பிடித்து, "ஆராரோ... ஆரிரரோ..." என்று டவரை ஆட்டினார்கள். டவர் அசையவில்லை. அவர்கள் நன்றாக அசைந்தார்கள். டவுனில் செல்லக்கனி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். போனில் அழுகை நின்றது.

"தூங்கிட்டா" என்று கிசுகிசுத்தார் பலவேசம்.

"அந்தச் சத்தத்தை நிறுத்துவே" என்று மாசானம் சைகை காட்ட, கொம்பையா நுனிக்காலில் போய் ஜெனரேட்டரை அணைத்தான்.

ஊர் முழுக்கப் போன் செத்தது. கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டு, கத்திக்கொண்டு மேடேறி வந்தது. மாசானம் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா. பலவேசம் பேத்தி இப்பத்தான் தூங்குதா. முழிச்சதும் பேசிக்கிடுங்க."

கூட்டம் டவரை அண்ணாந்து பார்த்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

பேராச்சி மட்டும் போகவில்லை. இடுப்பில் கை வைத்து டவரின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூறு இருக்காவே உங்களுக்கு?" என்றாள் குரலைத் தாழ்த்தி. "அம்புட்டு உசரத்துல காத்தடிக்குமே, பச்சைப்பிள்ளைக்குக் குளிராதா?"

சொல்லிவிட்டு, கம்பளி எடுத்து வர வீட்டுக்கு ஓடினாள்.