நகரும் படியில் நாலு தோழிகள்

முதலில் ஒரு விடுகதை. நாலு பேர் முக்கால் மணி நேரம் விடாமல் ஏறினார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. ஒருவர்கூட வழுக்கவில்லை. ஆனாலும் முடிவில் நாலு பேரும் ஏறத் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் ஏறியது எதில்?

மலை என்று சொன்னால் தப்பு. வழுக்குமரம் என்றாலும் தப்பு. வழுக்கவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்! கதையைக் கேளுங்கள், நடுவில் விடை வந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஆலங்கரை என்று ஓர் ஊர். அங்கே கோமளா, செண்பகம், ரஹ்மத், எஸ்தர் என்று நாலு தோழிகள். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது நாலு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. இன்றைக்கும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பழைய பெஞ்சுகளை ஏலம் விட்டபோது எஸ்தர் அதை எடுத்துவந்து கோமளா வீட்டு முற்றத்தில் போட்டுவிட்டாள்.

ஆறாம் வகுப்பு டீச்சர் ஒரு நாள் அவர்களிடம், "எதற்கும் சண்டை போடாதீர்கள். கை தூக்கி ஓட்டுப் போடுங்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ, அதுதான் முடிவு" என்று சொன்னார். நாலு பேரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நாலு பேர் என்பதால் ஓட்டு பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு என்றே விழும்.

சேர்ந்து ஒரு நாள் மதுரைக்குப் போய் ஜாலியாகச் சுற்றிவர அவர்கள் இதுவரை பதினோரு முறை திட்டம் போட்டார்கள். பதினோரு முறையும் இரண்டுக்கு இரண்டு. ஒரு முறை நாலு பேருக்குமே போக ஆசை இருந்தது. "நாலு கையும் ஒரே பக்கம் தூக்கினா அது ஓட்டு மாதிரியே இல்லையே" என்று செண்பகமும் ரஹ்மத்தும் பெருந்தன்மையாகக் கையை இறக்கிவிட்டார்கள்.

பன்னிரண்டாவது முறை விஷயம் அவசரம். கோமளாவின் மகன் தினகரன் கனடாவில் இருக்கிறான். வருகிற வியாழக்கிழமை கோமளா அவனோடு இருக்கப் புறப்படுகிறாள். விமானத்தில், தனியாக. அவன் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்: "ஏர்போர்ட்ல எங்க பாத்தாலும் நகருற படிதாம்மா. கொஞ்சம் பழகிட்டு வாங்க."

அதைக் கேட்டதிலிருந்து கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"சும்மா நிக்கிற படியிலயே எனக்குத் தடுமாறும். நகருற படியில ஒத்தையில எப்படிட்டி ஏறுவேன்?"

"மதுரை மால்ல நகருற படி இருக்கு" என்றாள் எஸ்தர். "நாலு பேரும் போய் உன்னைப் பழக்கிவிடுவோம். அப்படியே சுத்திப் பாத்து, ஐஸ்கிரீம் தின்னுட்டு சாயங்கால ரயிலுக்குத் திரும்பிருவோம்."

ஓட்டுப் போட்டார்கள். கோமளாவும் எஸ்தரும் கை தூக்கினார்கள். செண்பகமும் ரஹ்மத்தும் தூக்கவில்லை.

"ஏட்டி, உங்களுக்கு என்ன?" என்று எஸ்தர் சீறினாள்.

"படி ஏறப் பழகிட்டான்னா இவ கனடா போயிருவாள்லா?" என்றாள் செண்பகம். "பழகலைன்னா இங்கேயே இருப்பா."

ரஹ்மத் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு மகிழினி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறு வயது. பாத்ரூம் போகவேண்டும் என்றால் கை தூக்கிக் கேட்கவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் கை தூக்கினாள்.

"மூணு!" என்று கத்தினாள் எஸ்தர்.

இப்படித்தான் நாற்பது வருடத் திட்டம் நிறைவேறியது. அன்றிலிருந்து மகிழினி அவர்களுக்கு ஐந்தாவது கை.

செண்பகத்தின் மகள் நிவேதிதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நாலு பேரும் தனியாக மதுரை போகிறார்கள் என்று கேட்டு அவள் பயந்துபோய், நாலு விதிகள் எழுதி அனுப்பினாள். எஸ்தர் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் விதி: ஒரு கையால் தூக்க முடிகிற பையை மட்டும் எடுத்துப் போங்கள்.

செண்பகம் முதலில் ஒரு பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினாள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. விதியை மீறக்கூடாது என்று பெட்டியைப் பிரித்து ஒன்பது சின்னப் பைகளில் போட்டாள். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். ஒன்பதும் தேறின. மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். ஒரு பகல் பயணத்துக்கு முப்பத்தாறு பைகள் தயாராயின.

"ஒம்பது பையையும் ஒரே நேரத்துல எப்படிட்டி தூக்குறது?" என்று கேட்டாள் கோமளா.

"அதைப் பத்தி விதியில ஒண்ணும் போடலை" என்றாள் எஸ்தர், தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

இரண்டாவது விதி: ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் இருங்கள்.

சனிக்கிழமை ஏழரை மணி ரயிலுக்குச் சரியாக ஆறரை மணிக்குப் போய் நின்றார்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

ரஹ்மத் விரல் விட்டு எண்ணினாள். "அப்போ நாம ரெண்டு மணி நேரம் முன்னாலல்லா நிக்கோம்! தப்பு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

முப்பத்தாறு பைகளோடு வீட்டுக்குப் போனார்கள். முப்பத்தாறு பைகளோடு ஏழரைக்குத் திரும்பி வந்தார்கள். இப்போது ரயில் இன்னும் அரைமணி தாமதம். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. அதனால் ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே அரைமணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

"உள்ளே நிழல் இருக்கே, வந்து உட்காருங்களேன்" என்றார் டிக்கெட் பரிசோதகர்.

"இன்னும் எங்க நேரம் வரலை சார்" என்றாள் செண்பகம்.

எப்படியோ மதுரை வந்து சேர்ந்தார்கள். மால் வாசலில் இருந்தவர்கள் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு முப்பத்தாறு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன்களைப் போட ஒரு பை தேவைப்பட்டது. அதனால் ஒரு பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் நகரும் படி எதிரே தெரிந்தது. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்று மேலே போனது. ஒன்று கீழே வந்தது. கோமளா இரண்டையும் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது விதியை உரக்கப் படித்தாள்:

"நாலு பேரும் ஒன்றாகவே இருங்கள். ஒருத்தியை விட்டுவிட்டு ஒருத்தி முன்னால் போகக்கூடாது."

"அவசரப்படாதிய. முதல்ல பாப்போம்" என்றாள் ரஹ்மத். எதிரில் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார்கள். பிறகு ரஹ்மத் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏளா, கவனிச்சியளா? அந்த மேல போற படியில ஒரு பச்சைச் சேலைக்காரி போனா. திரும்பி வரவே இல்லை."

"அந்தா இறங்கி வாராளே?" என்று கேட்டாள் எஸ்தர்.

"அவ மஞ்சச் சேலை. போனவ வேற, வாரவ வேற. நானும் அப்போ பிடிச்சுப் பாக்கேன். அந்தப் படியில போன ஒருத்திகூடத் திரும்பலை."

மூன்று பேரும் கோமளாவைப் பார்த்தார்கள். கோமளா தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

"அது கனடாப் படி" என்றாள் செண்பகம் மெதுவாக. "இந்தப் பக்கத்துப் படியைப் பாருங்க. இதுல யாரு கால் வச்சாலும் நம்ம பக்கம் வந்து சேந்துருதாங்க. நாம ஏறினா இதுலதான் ஏறணும்."

ஓட்டுப் போட்டார்கள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக நாலு கையும் ஒரே பக்கம் உயர்ந்து நின்றன. யாரும் இறக்கவில்லை.

நான்காவது விதி: வலது காலை முதலில் வையுங்கள், கைப்பிடியை விடாதீர்கள்.

கீழே இறங்கி வருகிற படியில், கீழிருந்து மேலே, நாலு பேரும் வலது காலை வைத்து ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் வலது கால்தான் முதலில். கைப்பிடி கீழே போனது. கால் மேலே போனது. கையை விடாமல் காலை எடுத்துவைக்க நாலு பேரும் வில்லாக வளைந்தார்கள். இவர்கள் ஒரு படி ஏறினால் படி ஒரு படி இறங்கியது.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா? சரி, மேலே போவோம். அவர்கள் போகவில்லை என்றாலும் நாம் போவோம்.

"கோமளா, பயம் தெளிஞ்சுதா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் எஸ்தர்.

"தெளிஞ்சுட்டுது. ஆனா இவ்வளவு உயரம் இருக்கும்னு அவன் சொல்லவே இல்லைட்டி."

"கீழ பாக்காத. தலை சுத்தும்" என்றாள் ரஹ்மத். கீழே தரை ஒரு முழம் தள்ளி இருந்தது.

மேலே, இறங்க நினைத்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மூலையில் இருந்த சாதாரணப் படிக்கட்டு வழியே இறங்கிப் போனார்கள். "பாவம், நடந்தே போறாங்க" என்று இவர்கள் இரக்கப்பட்டார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா! இது இறங்குற படிம்மா!"

"நாங்க இறங்கலையே தம்பி. ஏறிக்கிட்டுல்லா இருக்கோம்" என்றாள் செண்பகம்.

"முக்கால் மணி நேரமா ஏறுறீங்களே, எங்கயாவது போய்ச் சேந்தீங்களா?"

"அதான் தம்பி இதுல விசேஷம். ஒருத்தியை விட்டுட்டு ஒருத்தி போகவே முடியலை பாத்தீயளா?"

காவலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, கீழே இறங்குங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏற முக்கால் மணி நேரம் ஆச்சு" என்றாள் ரஹ்மத். "இறங்கவும் முக்கால் மணி நேரம் ஆகும்லா? எங்களுக்கு ஆறு மணிக்கு ரயில் தம்பி, அஞ்சு மணிக்கே ஸ்டேஷன்ல நிக்கணும். நீங்களே சொல்லுங்க, முடியுமா?"

காவலாளி படியை நிறுத்தினார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, கீழே இருந்த துளையில் போட்டு மறுபக்கம் திருப்பினார். இறங்குகிற படி ஏறுகிற படி ஆனது. நாலு பேரும் கைப்பிடியைப் பிடித்தபடி அலுங்காமல் மேலே போய்ச் சேர்ந்தார்கள். காவலாளி சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார். வெளியே போனவர் சீக்கிரம் திரும்புவதாகத் தெரியவில்லை.

மேலே கோமளா இரண்டு கையையும் விரித்து நின்றாள். "ஏறிட்டேன்ட்டி! பழகிட்டேன்!"

ரஹ்மத்தும் எஸ்தரும் கை தட்டினார்கள். செண்பகம் தட்டவில்லை.

"அப்போ நீ வியாழக்கிழமை போயிருவே."

"போயிட்டுத் திரும்பி வந்துருவேன் செண்பகம். உனக்கு நம்பிக்கை இல்லைன்னா, திரும்பி வரதையும் இங்கேயே பழகிக் காட்டுதேன்."

திரும்பிப் பார்த்தார்கள். இடது பக்கப் படி மேலே வந்துகொண்டிருந்தது. வலது பக்கப் படியும் மேலே வந்துகொண்டிருந்தது.

கோமளா தளரவில்லை. இடது பக்கப் படியில் வலது காலை வைத்து இறங்கினாள். படி அவளைக் கொண்டுவந்து செண்பகத்தின் பக்கத்தில் விட்டது. மறுபடி இறங்கினாள். மறுபடி கொண்டுவந்து விட்டது. வலது பக்கப் படியிலும் அதேதான் நடந்தது.

செண்பகத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "ஒரு அவசரமும் இல்லைட்டி. இன்னைக்குச் சனிக்கிழமைதான? வியாழக்கிழமை வரைக்கும் நிதானமா இறங்குவோம். வெள்ளிக்கிழமை ஆனாலும் பரவாயில்லை."

"அடி போட்டேன்னா!" என்று கோமளா கையை ஓங்கினாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. எந்தப் படியில் இறங்குவது என்று ஓட்டுப் போட்டார்கள். கோமளாவும் ரஹ்மத்தும் இடது பக்கம் என்றார்கள். எஸ்தரும் செண்பகமும் வலது பக்கம் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு.

"மகிழினியைக் கூப்பிடு" என்றாள் எஸ்தர்.

வீடியோவில் மகிழினி முறுக்குத் தின்றுகொண்டே வந்தாள். கோமளா போனைத் திருப்பி இரண்டு படிகளையும் காட்டினாள். மகிழினி முறுக்கை வைத்துவிட்டு வெகு நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அத்தை, ரெண்டும் மேலதான வருது?"

"ஆமா கண்ணு. அதனாலதான் எங்களுக்கு முடிவு பண்ண முடியலை. நீ சொல்லு, எதுல இறங்கட்டும்?"

மகிழினி இடது பக்கப் படியைத் தேர்ந்தெடுத்தாள். நாலு பேரும் அதில் வலது காலை முதலில் வைத்து, மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கினார்கள்.