குங்குமம் வைத்த தூண்

"புதுக் கேபின் போடறதா, இருக்கறதையே ஒட்டிப் பூசறதா? நீயே ஒரு வார்த்தை சொல்லீரு, அம்மணி."

சங்ககிரியில் லாரிகளுக்குக் கேபின் கட்டும் பட்டறை நடத்திவந்த மயிலாத்தாளிடம், லாரி உரிமையாளர் அர்த்தநாரி இவ்வாறு கேட்டார்.

அதற்கு முன்பே அவர் மூன்று பட்டறைகளுக்குப் போய் வந்திருந்தார். ஒருவர் ஒட்டலாம் என்றார். ஒருவர் மாற்றலாம் என்றார். மூன்றாமவர் வண்டியையே எடைக்குப் போடச் சொன்னார். அதைக் கேட்டது முதல் அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

மயிலாத்தாளுக்கு வயது நாற்பத்து நான்கு, கேட்டவருக்கு அறுபத்திரண்டு. வயதைப் பார்த்து மயிலாத்தாளிடம் எவரும் வருவதில்லை. இரும்பைப் பற்றி ஐயம் தோன்றினால் வருவார்கள். பெரும்பாலும் வேறோர் ஐயத்தோடு திரும்பிப் போவார்கள்.

"எதுவானாலும் செஞ்சு குடுப்பனுங்கண்ணா. ரெண்டுக்கும் பத்து நாளுதான். நீங்க எதுக்குப் பயப்படறீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

அர்த்தநாரி சொன்னார்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அவர் ஓட்டிவந்த இதே வண்டி பாறையில் மோதியது. கேபினின் கூரை நசுங்கி இறங்கியது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், கண்ணாடியின் ஓரமாக நிற்கும் வலப்புறத் தூண் மட்டும் மடங்கவில்லை. அது தாங்கிப் பிடித்த இடைவெளியில் கிடந்த அர்த்தநாரி, ஒரு பல்லை மட்டும் இழந்து எழுந்து வந்தார்.

அன்று முதல் அந்தத் தூண் அவருக்குக் காவல் தெய்வம். நசுங்கிய கூரையைப் புதிதாகப் போட்டபோதும் அதை மாற்ற விடவில்லை. அதற்குக் குங்குமம் வைத்து, மணியடித்துக் கற்பூரம் காட்டாமல் வண்டி கொட்டகையை விட்டு நகராது. அவரே ஓட்டுவதை நிறுத்திப் பதினொரு ஆண்டுகள் ஆன பின்னும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கும் நாள் நெருங்கும்போது, துருப்பிடித்த இடங்களில் பட்டி பூசிச் சாயம் அடித்துவிடுவார். இந்த ஆண்டு அது நடக்கவில்லை. அவருக்குப் பின் அந்த வண்டியை ஓட்டிவரும் சென்னியப்பன், புதுக் கேபின் போட்டால்தான் ஏறுவேன் என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டான். காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லை.

கேபினை மாற்றினால் காவல் போய்விடும். மாற்றாவிட்டால் சென்னியப்பன் போய்விடுவான். அவனைப்போல் இன்னொருவனை இந்த வயதில் தம்மால் தேட முடியாது என்று அர்த்தநாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தாழ்த்தியதற்குக் காரணம், சென்னியப்பன் பத்தடி தொலைவில் பழைய டயர்களின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மயிலாத்தாள் உள்ளே போனார். செத்துப்போன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தையும் ஒரு சாக்கட்டியையும் எடுத்துவந்து அர்த்தநாரியின் கையில் கொடுத்தார்.

"காந்தம் ஒட்டுன இடத்துல கோடு போடுங்க. ஒட்டாத இடத்துல வட்டம் போடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

அர்த்தநாரி ஏணி வைத்து ஏறினார். கூரையில் காந்தம் கவ்விக்கொண்டது. இரு கைகளாலும் பிடுங்க வேண்டியிருந்தது. மகிழ்ச்சியோடு நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

கதவில் வைத்தார். காந்தம் வழுக்கி, அவர் கால்விரலுக்கு அருகில் விழுந்தது.

வட்டம்.

கதவின் கீழ்ப்பாதி, வட்டம். சக்கரத்தின் மேல்வளைவு, வட்டம். முன்முகப்பில் நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தார், நான்கும் வட்டங்கள். முதல் வட்டத்தை எவரும் பார்த்துவிடாதபடி சிறிதாகப் போட்டவர், ஏழாவது வட்டத்தைத் தட்டளவுக்குப் போட்டார்.

"இது கேபின் இல்லை அம்மணி, சுவரு."

"வருசா வருசம் நீங்க பட்டியில கட்டுனதுதானுங்க," என்றார் மயிலாத்தாள்.

பிறகு அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். எல்லா இடங்களிலும் சாக்கட்டியின் தடம் இருந்தது. வலப்புறத் தூணில் மட்டும் கோடும் இல்லை, வட்டமும் இல்லை.

"இது விட்டுப்போச்சுங்க."

"அது சோதிக்கற இடம் இல்லை, அம்மணி. சாமி."

"சாமியா இருந்தா இந்தக் காந்தம் என்னங்க பண்ணிரும்?"

டயர்களின்மேல் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அர்த்தநாரி காந்தத்தைத் தூணின்மேல் வைத்தார். விழுந்தது.

சற்று மேலே வைத்தார். விழுந்தது.

"குங்குமம் கனமா ஏறியிருக்குது. அதான் ஒட்டலை," என்றார்.

மயிலாத்தாள் மறுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்துப் பார்க்கும்படி மட்டும் சொன்னார். பதினெட்டு ஆண்டுக் குங்குமத்தை அர்த்தநாரி தம் தோள்துண்டால் தாமே தேய்த்தெடுத்தார். துண்டு சிவந்தது. காந்தம் மூன்றாம் முறையும் விழுந்தது.

மயிலாத்தாள் ஒரு திருப்புளியை நீட்டினார். அர்த்தநாரி அதைத் தூணின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். தெய்வத்தைக் குத்துகிறோமே என்ற அச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினார்.

திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போனது.

வெளியே இழுத்தபோது, பட்டியின் தூளோடு மஞ்சளாகிப்போன செய்தித்தாள் வந்தது. ஈரத்தில் ஊறி, காய்ந்து, மீண்டும் ஊறிய தாள். அர்த்தநாரி அதைப் பிரித்து வெயிலில் காட்டினார். அவரால் படிக்க முடியவில்லை. எழுத்து கன்னடம்.

அவர் கன்னட நாட்டுப் பக்கம் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த வண்டியை அங்கே கொண்டுபோகிறவன் ஒருவன்தான்.

திரும்பிப் பார்த்தார். சென்னியப்பன் எழுந்து நின்றிருந்தான்.

"எட்டு வருசமாச்சுங் மொதலாளி," என்றான். "ஹூப்ளியில லோடு எறக்கறப்பப் பார்த்தேன். தூணுக்குள்ள கை போச்சு. பேப்பரைத் திணிச்சு, மேல பட்டி பூசிட்டேன்."

"ஏன்டா சொல்லலை?"

"அந்தத் தூணுல ரம்பம் வெச்சவன் என் வண்டியில ஏறக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. அது போனாப் போவுது. சூடம் காட்டறப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தா, சொல்ல வாய் வரலீங்."

பிறகு அவன் பேச்சு தடையின்றி வந்தது. எட்டு ஆண்டுகளாகத் தொப்பூர் இறக்கத்தை அவன் இரண்டாம் கியரிலேயே இறங்கியிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பித் திட்டியிருக்கிறார்கள். சாலையோரக் கடைகளில் அவனுக்கு மாட்டுவண்டி என்றே பெயர். ஒரு கண் சாலையில், ஒரு கண் தூணில். மழைக்காலம் முடியும்போதெல்லாம் எவருக்கும் தெரியாமல் புதுத் தாள் திணித்துப் பூசியிருக்கிறான். இந்த மழையில் தூணின் அடியும் கரைந்துவிட்டது. இனிப் பட்டியைப் பிடித்துக்கொள்வதற்குக்கூட ஓர் ஓரம் மிச்சமில்லை.

அர்த்தநாரி கோபப்பட முயன்றார். வரவில்லை. மாறாக, வயிற்றின் அடியிலிருந்து வேறொன்று கிளம்பிவந்தது. அது சிரிப்பு என்று அவருக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

"எட்டு வருசமாப் பேப்பருக்குச் சூடம் காட்டியிருக்கறேன், அம்மணி."

"அதுவும் படிக்கத் தெரியாத பேப்பருக்குங்க."

அர்த்தநாரி கண்ணீர் வரும்வரை சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் முழுவதும் குங்குமம் ஆயிற்று. பதினெட்டு ஆண்டுகளாகப் பிடரியில் கட்டியிருந்த கயிற்றை எவரோ அவிழ்த்துவிட்டதைப்போல் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"புதுசே போட்டுரு," என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் சென்னியப்பன் வண்டியிலிருந்து தார்ப்பாயை எடுத்தான். பட்டறையின் நிழலில் விரித்தான். கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தான். மயிலாத்தாள் அளவெடுக்கும் நாடாவைத் தேடி எடுப்பதற்குள் குறட்டை கேட்டது. உச்சிவெயில் நேரம். பக்கத்துப் பட்டறையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அசையவில்லை.

அர்த்தநாரி வெறுந்தூணின் முன் நின்றார். வழக்கமாகக் கற்பூரம் வைத்திருக்கும் சட்டைப்பைமேல் கை போயிற்று, அங்கேயே நின்றது.

"இனிமே சூடத்தை எதுக்கு அம்மணி காட்டறது?"

மயிலாத்தாள் தார்ப்பாய்ப் பக்கம் பார்த்தார். நாடாவோடு எடுத்துவந்த சுத்தியலை ஓசையெழாமல் தரையில் வைத்தார்.

"எதுக்கு வேண்ணாலும் காட்டுங்கண்ணா. மணி மட்டும் அடிக்காதீங்க. அவரு இப்பத்தான் தூங்கறாரு."